ஏழாம் அத்தியாயம்: கொள்ளைநோய்க் காலத்தில் ஒப்பந்த ஊழியர்

மதுரைக்கு மேற்கே, தேனி செல்லும் சாலைக்குச் சற்றுத் தெற்கே, சமணமலையின் அடிவாரத்தில் தாமரைக் குளத்தையும் அய்யனார் கோவிலையும் முகப்பாகக் கொண்டு அமைந்திருக்கிறது கீழக்குயில்குடி. காலை எட்டு மணிக்கு அந்த ஊர் முகப்பில் நின்று பார்ப்பவர்களுக்கு, வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க வடபழஞ்சி எல்காட் வளாகத்துக்கும், மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்துக்கும், நகரத்து வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இருசக்கர வாகனங்களில் விரைகின்ற இளைஞர்களும் பெண்களும் கண்ணில் படுவார்கள். அந்த அட்டைகளில் சிலவற்றைக் கூர்ந்து கவனித்தால் ஒரு விசேஷம் புலப்படும். மேலே பெரிய எழுத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரும், கீழே சிறிய எழுத்தில் மற்றொரு நிறுவனத்தின் பெயரும் அச்சாகியிருக்கும். மேலே உள்ளவர் வேலை வாங்குகிறவர். கீழே உள்ளவர் சம்பளம் கொடுக்கிறவர். இவ்விருவருக்கும் நடுவே நிற்கின்ற ஊழியருக்காகவே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

சாதாரண காலத்தில் இந்த இரட்டை ஏற்பாடு பெரிதாக உறுத்துவதில்லை. வேலை நடக்கிறது, மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழுகிறது, அவ்வளவில் மனம் திருப்தி அடைந்துவிடுகிறது. கொள்ளைநோய் வந்து, வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று அரசாங்கம் ஆணையிடும்போதுதான், வீட்டிலிருந்தே வேலை செய்ய எனக்கு அனுமதி தர வேண்டியவர் யார், வேலை செய்தாலும் செய்ய முடியாமல் போனாலும் சம்பளம் தர வேண்டியவர் யார் என்ற இரண்டு கேள்விகளும் ஒரே நாளில் எழுந்து நிற்கின்றன. 2020 மார்ச் 24 அன்று மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்றிரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மறுநாள் அதிகாலையில், கொரோனாவினால் தமிழகத்தில் நேர்ந்த முதல் மரணம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. பல ஸ்தாபனங்களில் நிரந்தர ஊழியர்களுக்கு மடிக்கணினி கொடுத்து அனுப்பியாகிவிட்ட பிறகும், அதே அறையில் அதே வேலையைச் செய்துவந்த ஒப்பந்த ஊழியர்களுக்கு விடை கிடைக்கவில்லை. நிறுவனத்தைக் கேட்டால், உங்கள் ஏஜென்சியைக் கேளுங்கள் என்றார்கள். ஏஜென்சியைக் கேட்டால், அவர்கள் சொன்னால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்கள். பிறகு ஜூன் 24 முதல் ஜூலை நடுப்பகுதி வரை மதுரை மாநகராட்சியோடு திருப்பரங்குன்றம் ஒன்றியத்துக் கிராமங்களும் முழு ஊரடங்கில் அடைபட்டபோது, அந்த விடையில்லாத கேள்வி பல வீடுகளின் வாசலில் மறுபடியும் வந்து நின்றது.

ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம் ஒன்றே: வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதியும், அந்நாட்களுக்கு உரிய ஊதியமும், இருவர் கையில் பிரிந்து கிடக்கும் வரையில் ஒப்பந்த ஊழியருக்கு அவற்றில் எதுவும் நிச்சயமில்லை, அவ்விரண்டையும் ஒரே காகிதத்தில், நோயில்லாத காலத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

அதற்கு முன்பாக நீங்கள் எந்த வகை ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள் என்பதைத் திட்டமாக அறிந்துகொள்ள வேண்டும். இதில் பலருக்குத் தெளிவில்லை. நான் காண்ட்ராக்ட் ஸ்டாஃப் என்று பொதுவாகச் சொல்லிக்கொள்கிறவர்களில் மூன்று தரப்பினர் கலந்திருக்கிறார்கள். ஒரு ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு வேறொரு நிறுவனத்தின் இடத்தில் வேலை செய்பவர் ஒரு தரப்பு. இடைத்தரகர் எவருமின்றி நிறுவனமே ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ என்று காலம் குறித்து நியமித்திருப்பவர் மற்றொரு தரப்பு. மாதாமாதம் பில் எழுதிக் கொடுத்துக் கட்டணம் பெறுகின்ற ஆலோசகர் மூன்றாம் தரப்பு. நியமனக் கடிதத்தின் மேலே பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பதவிப் பெயரை நம்பி இதைத் தீர்மானிக்கக் கூடாது. வருஷ முடிவில் கைக்கு வரும் வரிச் சான்று படிவம் 16 ஆக இருந்தால் நீங்கள் சம்பளம் பெறும் ஊழியர். 16ஏ ஆக இருந்தால் கணக்கில் நீங்கள் ஆலோசகர் அல்லது ஒப்பந்ததாரர். வருங்கால வைப்பு நிதியின் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். அதில் பணம் செலுத்துகிறவராக எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அதுவே சட்டத்தின் கண்ணில் உங்கள் நேரடி முதலாளி. விடுப்புக்கு யாரிடம் மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள், வேலை நேரத்தை நிர்ணயிப்பவர் யார், கணினி யாருடையது என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் ஆலோசகராக இருந்துகொண்டு, நடைமுறையில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஒரே மேற்பார்வையாளரின் கீழ் நாற்காலியை விட்டு அசையாமல் வேலை செய்கிறவர்கள் நம் வட்டாரத்தில் கணிசமாக இருக்கிறார்கள். பெயரளவில் ஆலோசகராக இருப்பதாலேயே சட்டப் பாதுகாப்பு முழுவதையும் இழந்துவிட்டோம் என்று அவர்கள் முடிவுகட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் தகராறு மன்றத்துக்கு வரும்போது பெயரைக் காட்டிலும் நடைமுறையே பெரும்பாலும் ஆராயப்படுகிறது.

முதல் தரப்பினருக்கு உள்ள பெரிய துணை, ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் ஒரு விதி. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, கூலி கொடுக்கும் பொறுப்பை ஒப்பந்ததாரர் மீது வைத்துவிட்டு, அவர் குறித்த காலத்தில் கொடுக்கத் தவறினாலோ குறைத்துக் கொடுத்தாலோ, வேலை வாங்குகின்ற முதன்மை முதலாளியே அதைக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஒப்பந்ததாரரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்பின் 55-ஆம் பிரிவும் இதே ஏற்பாட்டைத் தாங்கி நிற்கிறது. ஒரு மாறுதலை மட்டும் ஞாபகத்தில் வைக்க வேண்டும்: பழைய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது, புதிய தொகுப்பின் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி 50 பேர் இருக்கும் இடங்களுக்கே பொருந்துகிறது. சிறிய ஏஜென்சிகளில் இருப்பவர்கள் இதனால் பாதுகாப்புக் குறைந்துவிட்டதை உணர வேண்டும். அதே வேளையில், ஒவ்வொரு ஊழியருக்கும் எழுத்து மூலமான நியமனக் கடிதம் கொடுக்கப்பட வேண்டும் என்ற கட்டளை அதே தொகுப்பில் வந்திருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளவும் வேண்டும். கேட்டுப் பெறாத கடிதம் தானாக நம் வீடு தேடி வராது.

இனி, 2020-இல் அரசாங்கங்கள் செய்தது என்ன என்பதைச் சிறிது விரிவாகவே பார்ப்போம். அடுத்த முறை எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு அதுவே நமக்கு ஆதாரம். மார்ச் 20 அன்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் முதலாளிகளுக்கு ஓர் ஆலோசனை விடுத்தது. ஊழியர்களை, முக்கியமாகத் தற்காலிக ஊழியர்களையும் ஒப்பந்த ஊழியர்களையும், வேலையிலிருந்து நீக்கவும் கூடாது, அவர்கள் ஊதியத்தைக் குறைக்கவும் கூடாது என்பது அதன் சாராம்சம். அது ஆலோசனையேயன்றிக் கட்டளையன்று. மார்ச் 23 அன்று மத்திய நிதியமைச்சகத்தின் செலவினத் துறை, மத்திய அரசின் காரியாலயங்களில் வேலை செய்யும் ஒப்பந்த ஊழியர், தினக்கூலி ஊழியர், அவுட்சோர்சிங் ஊழியர் ஆகியோர் ஊரடங்கினால் வீட்டிலிருக்க நேர்ந்தால், அவர்கள் பணியில் இருப்பதாகவே கருதி ஊதியம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இதுதான் என் அபிப்பிராயத்தில் அந்த மாதத்தின் மிகச் சிறந்த உத்தரவு. வீட்டில் இருப்பதையே பணியில் இருப்பதாகக் கொள்ளும் அந்த ஒரு வாக்கியம் ஒவ்வொரு தனியார் ஒப்பந்தத்திலும் இடம்பெறத் தகுதியுடையது. ஆனால் அது மத்திய அரசின் காரியாலயங்களுக்கு மட்டுமே உரியதாகவும், ஏப்ரல் 30 வரை மட்டுமே செல்லக்கூடியதாகவும் இருந்தது.

மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ், மூடப்பட்டிருக்கும் காலத்துக்கும் பிடித்தமின்றிக் கூலி கொடுக்க வேண்டும் என்று எல்லா முதலாளிகளுக்கும் கட்டளையிட்டது. தொழிலாளர் உலகம் அதைப் பெரிய அரணாக நம்பியது. மே 17-இல் புதிய ஊரடங்கு நெறிமுறைகள் வெளியானபோது, மறுநாள் முதல் அந்தக் கட்டளை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் பைகஸ் பாக்ஸ் நிறுவனத்தின் வழக்கில், இடைப்பட்ட நாட்களின் கூலியைப் பற்றி முதலாளிகளும் தொழிலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று வழி காட்டியது. பேசித் தீர்ப்பதென்றால் பேசுவதற்கு ஓர் ஆதாரம் வேண்டும். கையில் எழுத்து இல்லாத ஒப்பந்த ஊழியர் எதைக் காட்டிப் பேசுவார்? மேலும், இந்த உத்தரவுகள் கூலியைப் பற்றிப் பேசினவேயன்றி, ஒப்பந்த ஊழியருக்கு வீட்டிலிருந்து வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. இயன்றவரை வீட்டிலிருந்து வேலை செய்யும் முறை பின்பற்றப்பட வேண்டும் என்று ஊரடங்கு நெறிமுறைகள் சொன்னதில், இயன்றவரை என்பதன் எல்லையை ஒவ்வொரு நிறுவனமும் தன் சௌகரியப்படி வரைந்துகொண்டது.

நிறுவனங்கள் தயங்கியதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை அறிந்துகொண்டால் பேச்சுவார்த்தை சுலபமாகும். வாடிக்கையாளரின் தகவல் வெளியே போகக் கூடாது என்ற கவலை ஒன்று. கணினி யாருடைய சொத்து, திருட்டுப் போனால் நஷ்டம் யாருக்கு என்ற கணக்கு இன்னொன்று. நிறுவனத்துக்கும் ஏஜென்சிக்கும் இடையிலுள்ள ஒப்பந்தம், இத்தனை நாற்காலிக்கு இவ்வளவு என்று ஆள் வருகையைக் கணக்கிட்டுப் பணம் கொடுப்பதாக எழுதப்பட்டிருந்தால், வருகை இல்லாத நாளுக்கு ஏஜென்சிக்கே பணம் வராது; வராத பணத்தை அவர் ஊழியருக்குக் கொடுக்கத் தயங்குவார். இந்தக் கடைசிக் காரணம்தான் பெரும்பாலும் உண்மையான காரணம் என்றாலும், வாய்விட்டுச் சொல்லப்படுவது முதல் காரணமாகவே இருக்கும்.

சட்ட விதிகளும் அப்போது வழியை மறித்தன. கால் சென்டர் முதலிய சேவை நிலையங்கள் வீட்டிலிருந்து ஆட்களை வேலை செய்ய வைப்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையிடம் காப்புத் தொகை கட்டுவது உள்ளிட்ட நிபந்தனைகள் இருந்தன. 2020 மார்ச் 13 அன்று அவை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. நவம்பர் 5 அன்று வெளியான புதிய வழிகாட்டு நெறிகள் வீட்டிலிருந்தோ, எங்கிருந்தோ வேலை செய்வதை நிலையாகவே அனுமதித்தன. வடபழஞ்சி, இலந்தைக்குளம் போன்ற சிறப்புப் பொருளாதார மண்டலங்களில், வரிச்சலுகையில் வந்த கணினியை மண்டலத்துக்கு வெளியே கொண்டுபோவதே ஒரு சிக்கலாக இருந்தது. அந்த மண்டலங்களுக்கான விதிகளில் 2022 ஜூலை 14 அன்று சேர்க்கப்பட்ட 43ஏ என்ற விதி அந்தச் சிக்கலை அவிழ்த்தது. அந்த விதியில், வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கப்படக்கூடிய ஊழியர்களில் ஒப்பந்த ஊழியரும் அடங்குவர் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கருவிகளையும் பாதுகாப்பான இணைய இணைப்பையும் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. முதலில் மொத்த ஊழியர்களில் 50 சதவீதம் என்றிருந்த வரம்பும் காலவரையறையும் பிற்பாடு திருத்தப்பட்டிருப்பதால், உங்கள் நிறுவனத்துக்கு இன்று பொருந்தும் வரம்பை மனிதவளப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒப்பந்த ஆட்களுக்கு விதியே இடம் கொடுக்கவில்லை என்று எவராவது சொன்னால், 43ஏ விதியின் பெயரைச் சொல்லிப் பணிவாக விளக்கம் கேளுங்கள்.

இடையில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்ததாரர் மூலமாக வீட்டில் வேலை செய்வது கணினியோடு பிறந்த வழக்கமன்று. மதுரையில் சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடும் வேலையை சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே செய்து வந்தார்கள். நெல்லைச் சீமையில் பீடி சுற்றும் பெண்கள் இலையையும் தூளையும் வாங்கிவந்து வீட்டில் சுற்றிக் கொடுத்தார்கள். கூலி ஒப்பந்ததாரர் கையிலிருந்து வந்தது, பீடியில் ஒட்டிய லேபிள் வேறொரு பெரிய கம்பெனியினுடையது. அந்தப் பெண்கள் எங்கள் ஊழியர்களே அல்லர் என்று கம்பெனிகள் சொல்லிவந்த காலத்தில், 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுபவரும் ஊழியரே என்று தெளிவாக வரையறுத்தது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996-இல் நிறைவேற்றிய 177-ஆம் எண் உடன்படிக்கை, வீட்டில் வேலை செய்பவரும் பிற கூலித் தொழிலாளரும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று கோரியது. இந்தியா இதுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை, அது வருத்தத்துக்குரியது. மடிக்கணினி வைத்திருப்பவர்களும் பீடித்தட்டு வைத்திருப்பவர்களும் வேறு வேறு ஜாதித் தொழிலாளர் என்று நினைப்பவர்கள், தரம் சரியில்லை என்று ஒப்பந்ததாரர் ஒதுக்கித் தள்ளிய பீடிக்குக் கூலி இல்லாமல் போன அனுபவத்தையும், வீட்டிலிருந்த நாளின் வேலை சரியில்லை என்று சொல்லி டைம்ஷீட்டில் மணிக்கணக்கைக் குறைக்கும் வழக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள்.

இனிக் காரியத்துக்கு வருவோம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதமே கேட்பதற்கு உகந்த காலம்; நோய் பரவிய பிறகு கேட்டால் அது மன்றாடுதலாகிவிடும். கடிதம் ஏஜென்சிக்கு எழுதப்பட வேண்டும். பிரதி, வேலை வாங்கும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குப் போக வேண்டும். பின்வரும் மாதிரியை அவரவர் நிலைமைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம்:

“ஐயா, வணக்கம். தங்கள் நிறுவனத்தின் வாயிலாக நான் பணியாற்றிவரும் ஒப்பந்தம் வருகிற மாதம் புதுப்பிக்கப்பட இருப்பதால், அதில் பின்வரும் ஏற்பாட்டைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். தொற்றுநோயை முன்னிட்டு அரசாங்கமோ, மாவட்ட நிர்வாகமோ, நான் பணியாற்றும் நிறுவனமோ நேரில் வருவதைத் தடுக்கும் நாட்களில், என் வேலையில் வீட்டிலிருந்து செய்யக்கூடிய பகுதிகளை வீட்டிலிருந்தே செய்ய எனக்கு அனுமதி உண்டு. அந்நாட்கள் பணி நாட்களாகவே கருதப்பட்டு முழு ஊதியமும், வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. சந்தாக்களும் செலுத்தப்படும். வேலைக்கு வேண்டிய கணினியும் பாதுகாப்பான இணைப்பும் நிறுவனத்தால் கொடுக்கப்படும். இணையத்துக்கும் மின்சாரத்துக்குமாக மாதம் ஒரு தொகை வழங்கப்படும். வேலை நேரம் இப்போதுள்ளபடியே இருக்கும். வீட்டிலிருந்து செய்ய இயலாதபடி வேலை நின்றுபோனால், அந்நாட்களுக்குரிய ஊதியம் எவ்வாறு, யாரால் கொடுக்கப்படும் என்பதையும் இதிலேயே குறிப்பிடுமாறு கோருகிறேன்.”

இதில் கடைசி வாக்கியத்தை எவரும் விட்டுவிடலாகாது. பதில் எதுவாயினும் எழுத்தில் வரட்டும். முழுச் சம்பளம் தர இயலாது, பாதிதான் தருவோம் என்று எழுதினால்கூட, குடும்பம் அதற்கேற்பத் திட்டமிடலாம். வாட்ஸ்அப் செய்தியாக வரும் சம்மதமும் ஒரு சான்றே. அதைப் படமெடுத்து மின்னஞ்சலில் தனக்குத் தானே அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கைப்பேசி பழுதானால் சான்றும் கூடவே போய்விடும். தனியாகக் கேட்கத் தயங்குகிறவர்கள், ஒரே ஏஜென்சியின் கீழ் இருக்கும் பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கேட்கலாம். அதில் குற்றமொன்றும் இல்லை.

கருவியை வாங்கிக்கொள்ளும்போது காட்ட வேண்டிய ஜாக்கிரதையும் முக்கியமானது. மடிக்கணினியின் வரிசை எண், சார்ஜர், பை, ஏற்கெனவே இருந்த கீறல் உட்பட எல்லாவற்றையும் குறித்து இரு தரப்பும் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் அதை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. சித்திரை, ஐப்பசி மாதங்களின் இடிமழையில் மின்னழுத்தம் ஏறி இறங்கிக் கருவி பழுதானால் பொறுப்பு யாருடையது என்பதும் அந்த ரசீதிலேயே இருப்பது உத்தமம். சொந்தக் கணினியில் வேலை செய்யச் சொன்னால், நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருளை அதில் நிறுவச் சம்மதிக்கும் முன், வேலை நேரத்துக்கு வெளியேயும் அது இயங்குமா, கேமராவைத் திறக்குமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். குடும்பம் வாழும் அறைக்குள் அந்நியக் கண் நுழைவதை மறுக்க ஊழியருக்கு நியாயம் உண்டு.

வீடு என்பதைப் பற்றி, அனுமதி கொடுப்பவர்களும் சரி, கேட்பவர்களும் சரி, போதுமான அளவு சிந்திப்பதில்லை. இரண்டே அறைகள் உள்ள வீட்டில், ஒரு மூலையில் மாமியார் படுத்திருக்க, மற்றொரு மூலையில் பிள்ளைகள் கல்வித் தொலைக்காட்சியின் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அடுப்பங்கரைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் கணினியை வைத்துக்கொண்டு, குக்கர் சத்தம் வாடிக்கையாளரின் காதில் விழாதபடி மைக்கை அணைத்து அணைத்துத் திறக்கின்ற ஒரு பெண்ணின் உழைப்பை, அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் இருந்த அதே எட்டு மணி நேரத்தின் அளவுகோலால் அளப்பது அநியாயம். மடிக்கணினி இல்லாத வீட்டில், வேலைக்கும் பாடத்துக்கும் ஒரே கைப்பேசி என்றாகும்போது யாருக்கு அது என்ற தீர்மானம் தினமும் ஒரு வருத்தத்தை விளைவிக்கும். இப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள், வேலை நேரத்தை இரண்டாகப் பிரித்து, விடியற்காலையில் ஒரு பகுதியும் மாலையில் ஒரு பகுதியுமாகச் செய்ய அனுமதி கேட்பது நல்லது. வேலை முடிந்த அளவைக் கொண்டு கணக்கிடுங்கள், உட்கார்ந்த நேரத்தைக் கொண்டு கணக்கிடாதீர்கள் என்று எடுத்துச் சொல்லலாம்.

மலையடிவாரத்து ஊர்களில் இணையத்தைப் பற்றி முன்கூட்டியே பரீட்சை செய்துகொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் சிக்னல் மொட்டை மாடியில் நன்றாக இருக்கும், உள்ளறையில் இராது. பகலில் ஓடுவது இரவு எட்டு மணிக்கு ஊரே படம் பார்க்கும் நேரத்தில் தேங்கி நிற்கும். ஆகையால் இரண்டு வேறு கம்பெனிகளின் சிம்களை வைத்துக்கொண்டு, நீங்கள் வேலை செய்யப்போகும் அதே இடத்தில், அதே நேரத்தில் வேகத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாள், முதல்நாள் செய்தித்தாளிலேயே வந்துவிடுகிறது. அந்தச் செய்தியைப் படமெடுத்து மேற்பார்வையாளருக்கு முன்னிரவே அனுப்பிவிட்டால், மறுநாளின் மௌனம் உங்கள் சோம்பலாகக் கருதப்படாது. மின்கட்டணத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்: இரண்டு மாதக் கணக்கில் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது, பகல் முழுவதும் மின்விசிறியும் கணினியும் ஓடுவதால் அந்த எல்லையைத் தாண்டுகின்ற குடும்பம், கூடுதல் தொகையைத் தன் சம்பளத்திலிருந்தே கட்டுகிறது. முந்தைய ஆண்டின் அதே இரண்டு மாதக் கட்டண ரசீதோடு ஒப்பிட்டுக் காட்டி ஈடு கேட்பதற்கு எந்தக் கூச்சமும் வேண்டாம்.

தினமும் வேலை முடிந்ததும், இன்று செய்தது, முடியாமல் நின்றது, காரணம் என்று மூன்று வரியில் ஒரு மின்னஞ்சலை மேற்பார்வையாளருக்கும் ஏஜென்சிக்கும் ஒருங்கே அனுப்புங்கள். வருகைப் பதிவேடு இல்லாத நாட்களில் அந்த மூன்று வரியே பதிவேடு.

ஆலோசகராகக் கட்டணம் பெறுகிறவர்களுக்குச் சட்டத்தின் துணை குறைவு என்பதால், அவர்கள் பில் கொடுத்த எத்தனை நாளுக்குள் பணம் வர வேண்டும் என்பதையும், வேலையைப் பாதியில் நிறுத்தினால் முடிந்த பகுதிக்குக் கட்டணம் உண்டா என்பதையும் முன்னமே எழுதிக்கொள்ள வேண்டும். 2020 மே 14 முதல் அந்த நிதியாண்டு முடியும் வரை தொழில்முறைக் கட்டணத்தில் வரிப்பிடித்தம் 10 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அது வரிச்சலுகையன்று, கைக்கு வரும் பணத்தை முன்கூட்டித் தரும் ஏற்பாடே. வரி பின்னால் கட்ட வேண்டியதே.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத வேலையைச் செய்கிறவர்களை நான் மறக்கவில்லை. காவலாளி, துப்புரவுப் பணியாளர், மருத்துவமனை உதவியாளர், ஆய்வுக்கூடப் பணியாளர் ஆகியோரில் பெரும்பாலோர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறார்கள்; ஊரே உள்ளே அடங்கியிருந்த நாட்களில் அவர்கள் வெளியே நின்றார்கள். 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டபோது, அவற்றுள் அடைபட்டவர்களில் நம் மாவட்டத்து இளைஞர்களும் இருந்தார்கள். இத்தகையவர்கள் கேட்க வேண்டியது வேறு: நோய்வாய்ப்பட்டால் ஊதியத்தோடு விடுப்பு, வேலைக்கு வந்துபோக வாகனம், முகக்கவசமும் கையுறையும் நிறுவனத்தின் செலவில், இ.எஸ்.ஐ. அட்டை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு உரியது அந்தக் காப்பீடு. சந்தா நிபந்தனைகளை நிறைவு செய்தவருக்கு நோய்க்கால உதவித்தொகையாக ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஏஜென்சி சந்தாவைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டால், அதை முதற்கண் கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளியையே சேரும். வேலை பறிபோனவர்களுக்கு அடல் காப்பீட்டாளர் நலத் திட்டத்தில் அந்த ஆண்டு உதவித்தொகை 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் மட்டுமே இவை எல்லாம் பலிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதைச் சரிபார்த்துக்கொள்ளாதவர், நோய் வந்த பிறகு தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலில் நின்று தெரிந்துகொள்ள நேரும்.

நிறுவனம் நடத்துகின்ற பெரியவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2020 மார்ச் முதல் வாரத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், தன் தலைமையகத்தில் உணவகம், வாகனம், பராமரிப்பு வேலைகளைச் செய்யும் ஒப்பந்த ஆட்களுக்கு, வேலை குறைந்தாலும் வழக்கமான கூலியைக் கொடுப்பதாக அறிவித்தது. பெரிய கம்பெனிக்குச் சாத்தியம், மதுரையில் முப்பது பேரை வைத்திருக்கும் எனக்குச் சாத்தியமா என்று நீங்கள் கேட்கலாம். முழுக் கூலி இயலாமல் போகலாம். ஆனால் ஏஜென்சியோடு நீங்கள் எழுதும் ஒப்பந்தத்தில், ஊரடங்கு நாட்களில் நாற்காலிக் கணக்கை நிறுத்திவிட்டு ஆள் கணக்கில் குறைந்தபட்சம் இவ்வளவு கொடுப்பேன், அது ஊழியர் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்று இரண்டு வரி சேர்ப்பதற்குச் செலவில்லை. அந்த இரண்டு வரியை எழுதும் அதிகாரம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. ஏஜென்சியிடமும் இல்லை, ஊழியரிடமும் இல்லை.

வாசகர்களே, அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. உங்கள் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது நியமனக் கடிதத்திலேயே இருக்கிறது. இன்றிரவே அந்தக் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள்; அதற்கு ஒரு மாதம் முன்பாக மேலே கண்ட மாதிரியில் உங்கள் விண்ணப்பத்தை அனுப்புங்கள். நியமனக் கடிதமே கைக்கு வந்ததில்லை என்றால், முதலில் அதைக் கேட்டு எழுதுங்கள்.